மெட்டாவா, தனி டேபிளா? வேர்ட்பிரஸ் கேள்வி-பதில்

கேள்வி: வாடகை வீடுகளுக்கான வேர்ட்பிரஸ் தளம். 40,000 வீடுகள், வீட்டுக்கு 25 கஸ்டம் ஃபீல்டு (நாமே சேர்க்கும் தகவல்; வேர்ட்பிரஸ் இதை 'மெட்டா' என்று போஸ்ட்மெட்டா டேபிளில் வைக்கும்). வீட்டின் பக்கம் சட்டென்று திறக்கிறது. ஊர், அறை, வாடகை என்று வடிகட்டித் தேடினால் மட்டும் ஆறேழு விநாடி ஆகிறது. ஏன்?

வீட்டின் பக்கம் திறக்கும்போது போஸ்ட் ஐடி (வேர்ட்பிரஸில் அந்தப் பதிவின் எண்) கையில் இருக்கிறது. அதற்கு இன்டெக்ஸ் (வரியைச் சட்டென்று கண்டுபிடிக்க உதவும் அகரவரிசை போன்றது) உண்டு. 25 மதிப்புகளும் ஒரே குவெரியில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) வந்து கேஷில் (தற்காலிக நினைவு) உட்கார்ந்துவிடும். தேடல் எதிர்த்திசையில் போகிறது. மதிப்பைக் கொடுத்து வீட்டைக் கேட்கிறீர்கள். மதிப்பு இருக்கும் மெட்டா வேல்யூ என்ற புலம் (டேபிளின் நெடுவரிசை), லாங்டெக்ஸ்ட் (நீள எழுத்து) வகை; அதன்மேல் இன்டெக்ஸே கிடையாது. 10 லட்சம் வரிகள் உள்ள அந்த போஸ்ட்மெட்டா டேபிள், மூன்று நிபந்தனைக்கு மூன்று முறை ஜாயின் ஆகிறது, அதாவது போஸ்ட்ஸ் டேபிளோடு இணைகிறது. வாடகையை ஒப்பிட ஒவ்வொரு வரியிலும் எழுத்தை எண்ணாக மாற்ற வேண்டும். (மதிப்பின் வகை நியூமெரிக், அதாவது எண், என்று குறிப்பிட மறந்தால் 9000 ரூபாய் வீடு 12000-க்குப் பின்னால் போய் நிற்கும். அது எழுத்து வரிசை.)

மெட்டாவைத் தூக்கிப் போட வேண்டாம். தேடலுக்கு மட்டும் ஒரு லுக்கப் டேபிள் (தேடும் புலங்கள் மட்டும் உள்ள சிறு டேபிள்) போடுங்கள். போஸ்ட் ஐடி பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது). ஊர் ஐடி, வாடகை இரண்டும் அன்சைன்ட் இன்ட் (எதிர்ம எண் வராத முழு எண்); அறை மட்டும் டைனிஇன்ட் (சிறிய முழு எண்). மீதி ஃபீல்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இன்டெக்ஸ் ஒன்றே போதும்: ஊர், அறை, வாடகை, இதே வரிசையில். 'சமம்' என்று கேட்கும் புலங்கள் முன்னால், 'இதிலிருந்து இதுவரை' என்று கேட்பது கடைசியில். வாடகையை முதலில் வைத்தால் அந்த வரம்பில் விழும் எல்லா ஊர் வீடுகளையும் இன்டெக்ஸில் கடந்தாக வேண்டும்.

பழைய தரவை 500, 500 ஆக நகர்த்துங்கள். ஆஃப்செட் ('முதல் இத்தனை வரிகளைத் தாண்டு' என்பது) வேண்டாம், போகப் போக மெதுவாகும். கடைசியாக முடித்த ஐடியை நினைவில் வைத்து அதற்கு மேல் உள்ளவற்றை எடுங்கள். புதிய மாற்றங்களுக்கு மெட்டா சேர்தல், மாறுதல், நீங்குதல் ஆகிய மூன்று ஹுக்கிலும் (அந்த நிகழ்வின்போது நம் கோடு ஓடும் இடம்) லுக்கப் டேபிளில் எழுத வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தேடும்போது போஸ்ட்ஸ் கிளாஸஸ் (posts_clauses) ஃபில்டர் வழியாக இந்த டேபிளை ஜாயின் செய்யுங்கள். முடித்ததும் குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெயின் (தரவுத்தளம் எப்படித் தேடும் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள்: 'டைப்' என்ற இடத்தில் ரேஞ்ச் அல்லது ரெஃப் வர வேண்டும். ஆல் என்று வந்தால் இன்டெக்ஸைத் தொடவே இல்லை.

வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் ப்ளகினான வூகாமர்ஸ், 3.6 பதிப்பிலிருந்து பொருட்களின் விலை, இருப்பு போன்றவற்றுக்கு இதே வழியைத்தான் பின்பற்றுகிறது.

கேள்வி: அதற்குப் பதில் மெட்டா வேல்யூ மேலேயே இன்டெக்ஸ் போட்டால்?

லாங்டெக்ஸ்ட் என்பதால் முதல் சில எழுத்துகளுக்கு மட்டுமே போட முடியும். மெட்டா கீ (ஃபீல்டின் பெயர்), மெட்டா வேல்யூவின் முதல் 20 எழுத்து என்று சேர்த்துப் போட்டால், 'நிறம் = சிவப்பு' மாதிரி அப்படியே பொருந்தும் தேடல் வேகமாகும். வாடகை வரம்புக்கு உதவாது. எண்ணாக மாற்றிய மதிப்புக்கு அந்த இன்டெக்ஸ் பயன்படாது.

கேள்வி: 300 பதிவுகள்தான். பத்து ஃபீல்டு, காட்ட மட்டும். தனி டேபிள் தேவையா?

தேவையில்லை. எக்ஸ்போர்ட், ரெஸ்ட் ஏபிஐ (பிற செயலிகள் தரவை எடுக்கும் வழி), கேஷ் என்று மெட்டாவோடு எளிதில் கிடைப்பதையெல்லாம் தனி டேபிளுக்கு நீங்களே எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: தொடர்புடைய பதிவுகளின் ஐடிகளை ஒரே மெட்டாவில் அரேயாக (பட்டியலாக) வைத்திருக்கிறேன். அதில் தேடுவது எப்படி?

அரே சீரியலைஸ் ஆகி ஒரே நீளச் சரமாகக் கிடக்கும். இருபுறமும் சதவீதக் குறி போட்ட லைக் தேடலுக்கு எந்த இன்டெக்ஸும் உதவாது. போதாததற்கு, மேற்கோள் குறியை விட்டுவிட்டு 12 என்று தேடினால் 112-ம் சிக்கும். போஸ்ட் ஐடி, தொடர்புடைய ஐடி என்று இரண்டே புலம் கொண்ட டேபிள் போடுங்கள். இரண்டும் சேர்ந்து பிரைமரி கீ. இரண்டாவதன்மேல் தனி இன்டெக்ஸ். 'வகை', 'நிறம்' போல எண்ணிவிடக்கூடிய பட்டியலானால் அதுகூட வேண்டாம், டாக்ஸானமியே (வேர்ட்பிரஸின் வகைப்பாட்டு வசதி) போதும்.

கேள்வி: ப்ளகின் அப்டேட்டில் என் தனி டேபிளுக்குப் புதிய புலம் சேர்த்தேன். என் கணினியில் வந்தது, பயனர்களுக்கு வரவில்லை.

ஆக்டிவேஷன் ஹுக்குக்குள் (ப்ளகினை இயக்கும்போது ஓடுவது) வைத்திருப்பீர்கள். அப்டேட் ஆகும்போது அது ஓடாது. டேபிளின் பதிப்பு எண்ணை ஆப்ஷனில் வைத்து, ப்ளகின் ஏறும்போது ஒப்பிட்டு, பழையதானால் டிபிடெல்டாவை (டேபிளின் அமைப்பைப் புதுப்பிக்கும் வேர்ட்பிரஸ் ஃபங்ஷன்) ஓட்டுங்கள். டிபிடெல்டா கறாரான ஆள்: ஒரு வரிக்கு ஒரு புலம், பிரைமரி கீ என்ற சொற்களுக்குப் பின் இரண்டு இடைவெளி, இன்டெக்ஸ் என்று எழுதாமல் கீ என்று எழுத வேண்டும். புலத்தைச் சேர்க்கும், நீக்காது.

கேள்வி: வூகாமர்ஸில் ஆர்டரின் போன் எண்ணை கெட் போஸ்ட் மெட்டா வைத்து எடுத்த கோடு, புதுக் கடையில் வெறுமையைத் தருகிறது.

8.2 பதிப்பிலிருந்து, அதாவது 2023 அக்டோபர் முதல், புதிய கடைகளில் ஆர்டர்கள் இயல்பாகவே தனி டேபிள்களில்தான் சேர்கின்றன. முகவரிக்குத் தனி டேபிளே இருக்கிறது; போன் எண் அங்கேதான், போஸ்ட்மெட்டாவில் இல்லை. டபிள்யூசி கெட் ஆர்டர் மூலம் ஆர்டரை எடுத்து, அதன் கெட் பில்லிங் போன் மெத்தடைக் கூப்பிடுங்கள். மதிப்பை மாற்றினால் சேவ் கூப்பிடவும் மறக்க வேண்டாம். கூப்பிடாவிட்டால் மாற்றம் நினைவகத்தோடு போய்விடும்.

கேள்வி: நீக்கிய பதிவுகள் என் டேபிளில் அப்படியே நிற்கின்றன.

போஸ்ட்டை நீக்கும்போது வேர்ட்பிரஸ் தன் மெட்டாவைத் துடைக்கும். உங்கள் டேபிள் அதற்குத் தெரியாது. டெலீட்டட் போஸ்ட் ஹுக்கில் அந்த ஐடி வரியை நீக்குங்கள். ஏற்கெனவே சேர்ந்த குப்பையை, போஸ்ட்ஸ் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் செய்து ஐடி இல்லாதவற்றைப் பிடித்து ஒருமுறை கழித்துவிடுங்கள்.