டியூக் வம்சம்னு மாமனார் சொல்றார், நம்பலாமா?

கேள்வி: நாங்க பெரம்பூர் ஆங்கிலோ இந்தியன் குடும்பம், குடும்பப் பேரு கேம்ப்பெல். ஸ்காட்லாந்து ஆர்கைல் டியூக் வம்சம் நாமன்னு மாமனார் எப்பவும் சொல்லுவார். இப்ப ஆன்லைன்ல ஒரு குலச்சின்னம் வாங்கி, என் பொண்ணு கல்யாணப் பத்திரிகைல போடணும்ங்கறார். போடலாமா மேடம்?
- வாசகி, சென்னை

பதில்: வேண்டாம்மா, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க. ஸ்காட்லாந்துல குலச்சின்னம் ஒரு பேருக்குச் சொந்தம் கிடையாது, ஒரு தனி ஆளுக்குச் சொந்தம், அவருக்கப்புறம் முறைப்படி வாரிசுக்குப் போகும், இதைப் பாத்துக்கறதுக்குன்னே எடின்பரோல லார்ட் லயன் கோர்ட் இருக்கு, 1672ல சட்டம் போட்டு வச்ச பதிவேடும் அங்கதான். உங்களுக்கு படம் வித்தவங்க உங்க வீட்டு ஆளு ஒருத்தரைப் பத்திக்கூட விசாரிச்சிருக்க மாட்டாங்க.

ஆர்கைல் டியூக்குங்க குடும்பப் பேரும் கேம்ப்பெல்தான், ஆனா பேரு ஒண்ணா இருந்தா ரத்தமும் ஒண்ணுன்னு ஆகாது. கிளான், அதாவது ஸ்காட்லாந்துக் குலத்தோட தலைவர் நிலத்துல குடியிருந்தவங்க நிறைய பேர் பாதுகாப்புக்காக அவர் பேரையே வச்சுக்கிட்டாங்க. 1603ல மெக்ரெகர்ங்கற பேரையே அரசாங்கம் தடை பண்ணுச்சு, அதனால அந்த ஆளுங்க வேற வேற பேருக்கு மாறினாங்க, பின்னாடி வந்த ராப் ராய் மெக்ரெகர்கூட அம்மா வீட்டுப் பேரான கேம்ப்பெல்ல வச்சுக்கிட்டவர்தான்.

டியூக்ல இருந்து கீழ இறங்காம, உங்க வீட்ல இருந்து மேல ஏறுங்க. மாமனாரோட ஞானஸ்நான சர்டிபிகேட், அப்புறம் அவங்க அப்பா, தாத்தான்னு ஒவ்வொரு தலைமுறையா. பழைய மெட்ராஸ் சர்ச் பதிவுகளோட நகல் லண்டனுக்குப் போயிருக்கு, பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு, பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்த குடும்பங்களைப் பத்தித் தேடறவங்களுக்கான ஃபிபிஸ்ங்கற சங்கத்தோட தளத்துல இலவசமா பேர் போட்டுத் தேடலாம். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், 1821ல திறந்தது, ஸ்காட்லாந்துக்காரங்களுக்காகவே கட்டின சர்ச், அங்கயும் கேளுங்க. ஸ்காட்லாந்துல இருந்து முதல்ல வந்தவர் எந்த ஊருன்னு பிடிபட்டதுக்கப்புறம்தான் அந்த நாட்டுப் பதிவுகளைத் தேடற ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளம். 1855ல இருந்து அரசாங்கப் பதிவு இருக்கு, இறப்புப் பதிவுல அம்மா பிறந்த வீட்டுப் பேரு வரைக்கும் கிடைக்கும், அதுக்கு முன்னாடின்னா சர்ச் ரெஜிஸ்டர்தான், அதுல பல ஊர்ல பக்கமே காணாமப் போயிருக்கும்.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. அந்தக் காலத்துல அங்கிருந்து இங்க வந்த ஆம்பளைங்கள்ல பல பேர் குடும்பம் நடத்தினது இந்த ஊர்ப் பொண்ணுங்களோட. பழைய ஞானஸ்நானப் பதிவுகள்ல அப்பா பேரு, வேலை எல்லாம் இருக்கும், அந்த அம்மா பேரு பல இடத்துல இருக்கவே இருக்காது, இருந்தா கிறிஸ்தவப் பேரு மட்டும். அவங்களும் உங்க பொண்ணுக்குப் பாட்டிதானே, அவங்க எந்தத் தெரு, யாரு மகள்னு ஒருத்தரும் தேடறதில்ல. ஆம்பளைங்க எழுதின உயில்ல சில சமயம் அவங்க பேரு வரும், அந்த உயில்களும் அதே லைப்ரரில இருக்கு, கட்டாயம் பாருங்க.

மாமனாரைப் பொய்யர்னு நினைக்காதீங்க, அவர் காதுல விழுந்ததைத்தான் சொல்றார். உக்கார வச்சு அவங்க பாட்டி பேரு, எந்த சர்ச், தாத்தாவுக்கு ரயில்வேயா பட்டாளமான்னு கேட்டு, போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க, பத்திரிகைல வழக்கம்போல ரெண்டு வீட்டுப் பெரியவங்க பேரையும் போடுங்க.