தம்பிகிட்ட "சாகணும்னு தோணுதா"ன்னு நேரா கேக்கலாமா?

ப்ளஸ் டூல ரெண்டு பாடம் போச்சு, தம்பி ரூம விட்டு வெளிய வர்றதில்ல, "நான் இருந்து என்னா ஆவப்போவுது"ங்கிறான், நேரா கேட்டா இல்லாத நெனப்ப நாமளே கெளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோன்னு எழுதியிருக்கீங்க.

கேளுங்க. இன்னிக்கே. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வராது, இதுலயே வேல செய்ற டாக்டருங்க எல்லாரும் சொல்றது இதான்.

எங்க மன்னார்குடி பக்கம், என் சித்தி மவன். இன்ஜினியரிங் அரியர், ஆன்லைன் ரம்மி கடன், வீட்ல யாருக்கும் தெரியாது. மூஞ்ச தொங்கப் போட்டுட்டு இருந்தவன் திடீர்னு தெளிவாயிட்டான், ஆசையா வச்சிருந்த கிரிக்கெட் பேட்ட பக்கத்து வீட்டு பொடியனுக்கு குடுத்துட்டான், ரெண்டு வருசமா தராத முன்னூறு ரூவாய எனக்கு திருப்பிக் குடுத்தான். சித்தி சந்தோசப்பட்டுச்சு, எனக்கு அந்த முன்னூறுதான் உறுத்துச்சு. குறுவைக்கு முறை வச்சு தண்ணி விட்ட நேரம், ராத்திரி தண்ணி கட்டப் போனப்ப மதகு மேல உக்காந்து கேட்டுட்டேன், "செத்துடலாம்னு தோணுதாடா?" ரொம்ப நேரம் மம்பட்டியில ஒட்டுன சேத்த சுரண்டிக்கிட்டே இருந்துட்டு "ஆமாண்ணே"ன்னான். உடனே நான் "அம்மாவ நெனச்சுப் பார்றா"ன்னு ஆரம்பிச்சேன் பாருங்க, அதான் தப்பு, கப்புனு வாய மூடிக்கிட்டான். அப்பறம் நானும் மூடிக்கிட்டு கெடந்தேன், மெல்ல அவனா பேசுனான், ரெண்டு மணி வரைக்கும்.

மறுநாள் மொத வேலையா பத்தாயத்துகிட்ட கெடந்த பூச்சி மருந்தையெல்லாம் தூக்கி மோட்டார் கொட்டகை இரும்புப் பெட்டியில போட்டு பூட்டி சாவிய நான் வச்சிக்கிட்டேன். சித்தப்பா கத்துனாரு, கத்தட்டும். அந்த வேகம் வரும், கொஞ்ச நேரத்துல எறங்கும், அந்த நேரத்துல கைக்கெட்டுறாப்ல எதுவும் இருக்கக் கூடாது, அவ்ளோதான். காட்டுமன்னார்கோயில் பக்கம் ரெண்டு ஊர்ல சென்னையில தற்கொலைத் தடுப்புக்குன்னே இருக்குற ஸ்நேகா அமைப்போட டாக்டர் லட்சுமி விஜயகுமார் டீம் பொது லாக்கர் வச்சு மருந்த பூட்ட வச்சப்ப சாவு கொறஞ்சுது. இலங்கையில ரொம்ப கொடிய மருந்துகள தடை பண்ணுன பின்னாடி, 1990கள் நடுவுலேர்ந்து இருவது வருசத்துல தற்கொலை விகிதம் கிட்டத்தட்ட 70 சதவீதம் எறங்கிடுச்சு.

பெயிலானதுதான் காரணம்னு அதோட நிறுத்திடாதீங்க. பெயிலானவங்க எல்லாருமா இப்படி நெனக்கிறாங்க? தூக்கம், குடி, காதல், கடன், முன்னாடி ஒரு தடவ முயற்சி பண்ணுனது, வீட்ல யாராவது அப்படி போனது, எல்லாத்தையும் மெல்ல கேளுங்க. துணைத்தேர்வு உடனே வருது, வருசம் வீணாப் போவாது, ஆனா அத ரெண்டாவதா சொல்லுங்க.

"ஆமா"ன்னு சொன்னா ராத்திரி தனியா விடாதீங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கோ, சுகாதார உதவி எண் 104க்கோ போன் போடுங்க, தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது. காலையில தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியோ திருவாரூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியோ, எது கிட்டயோ அங்க மனநலப் பிரிவுக்கு கூட்டிட்டுப் போங்க. போலீஸ் கேஸாயிடும்னு சொந்தக்காரங்க பயமுறுத்துவாங்க, 2017 மனநலச் சட்டத்துக்கு அப்பறம் முயற்சி பண்ணுனவங்கள மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாது.

சித்தி மவன் இப்ப திருப்பூர்ல வேலயில இருக்கான், மாத்திர இன்னும் போடுறான். தம்பி என்ன சொன்னான்னு இங்கயே எழுதுங்க, இன்னிக்கு எங்க முறைத்தண்ணி, நைட்டு முழிச்சுதான் இருப்பேன்.