சுவர் எழும்பும் முன்பே பாதையைக் கேட்டுவிடுங்கள்

கேள்வி: மதுரைக்கு வெளியே எங்கள் ஊரை ஒட்டிப் பெரிய மனைப்பிரிவு வரப்போகிறது. பள்ளிக்கூடத்துக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடந்தும் சைக்கிளிலும் போக அதற்குள் பாதை விடச் சொல்லிக் கேட்க முடியுமா? எப்போது, யாரிடம் கேட்பது?

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் இப்போதே கேளுங்கள். நான் பதினேழு வருடமாக மதுரையைச் சுற்றி நிலம் அளந்து லே-அவுட் வரைந்து கொடுக்கிறவன். வரைபடம் அப்ரூவலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பாதையைச் சேர்ப்பது அரை நாள் வேலை. கல் நட்டு, பிளாட் விற்று, பத்திரம் பதிந்துவிட்டால் அதே பாதைக்காக வருடக்கணக்கில் அலைய வேண்டும்.

ஒத்தக்கடையைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரிலேயே இது நடந்தது. ஊருணிக் கரையிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு வயல் வழியாக ஒரு பாதை. பட்டா நிலத்தில் போனதால் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. நிலம் கைமாறி, மனைப்பிரிவு வந்து, சுற்றி ஹாலோ பிளாக் சுவர் எழுந்தது. ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு அங்கே போய் நின்றேன். ஒரு இடத்தில் மேல் இரண்டு வரிசைக் கல்லைப் பையன்கள் பெயர்த்திருந்தார்கள். ஒருவன் இந்தப் பக்கமிருந்து சைக்கிளைத் தூக்க, இன்னொருவன் அந்தப் பக்கம் வாங்கினான். பெடல் உரசி உரசிக் கல்லின் விளிம்பு மழுங்கியிருந்தது. புல்லுக்கட்டோடு வந்த ஒரு அப்பத்தா சுவரைப் பார்த்து நின்று, "நாலு தலைமுறையா நடந்த பாதைப்பா இது. இப்பச் சுத்திப் போகச் சொன்னா எங்கிட்டுப் போறது?" என்றார். சுற்றிப் போவதென்றால் நான்குவழிச் சாலைதான். சைக்கிள் பிள்ளைகள் பாதிப் பேர் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் போனார்கள், லாரிக்கு முகம் கொடுத்துக்கொண்டு.

அந்த லே-அவுட்டை நான் வரையவில்லை. ஆனால் அதுவரை நான் வரைந்தவற்றிலும் கார் போகும் சாலையைத்தான் யோசித்திருந்தேன். ஊர்க்காரர்கள் பேசிப் பேசி, விற்காமல் கிடந்த ஒரு மூலை மனையிலிருந்து பத்தடி வாங்கிச் சுவரைத் திறக்க நான்கு வருடம் ஆனது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் இரண்டு மூன்று நாள் காலையிலும் மாலையிலும் அந்த நிலத்துப் பக்கம் போய் நில்லுங்கள். யார் எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறார்கள் என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள், பால் ஊற்றப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வழி இருக்காது. பெரும்பாலும் இரண்டு மூன்று கோடு வரும். எல்லாவற்றையும் கேட்க முடியாது, அதிகம் பேர் போகும் கோட்டை விடாதீர்கள்.

அப்புறம் அரசின் இ-சேவை இணையதளத்தில் அந்த சர்வே எண்களின் புலப்படத்தையும் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் பதிவேடு) பாருங்கள். வண்டிப்பாதை, பாதை புறம்போக்கு, ஓடை புறம்போக்கு என்று ஏதாவது குறித்திருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது. அது அரசு நிலம், மனை போட முடியாது. பதிவில் இல்லாமல் பட்டா நிலத்தில் போகும் பாதைதான் ஆபத்தில் இருக்கிறது. 20 வருடம் தடையில்லாமல் பயன்படுத்திய வழிக்கு 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதைக் கோர்ட்டில் நிரூபிப்பதற்குள் பிள்ளைகள் படித்து முடித்துவிடுவார்கள். அதனால் வரைபட நிலையிலேயே பேசிவிடுவது நல்லது.

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். "பாதை வேண்டும்" என்று மொட்டையாக எழுதாமல், எந்த சர்வே எண்ணில் தொடங்கி எதில் முடிய வேண்டும், எத்தனை அடி என்று எழுதுங்கள். நகலை, மனைப்பிரிவு வரைபடங்களைப் பரிசீலிக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நிலத்துக்காரரிடமும் நேரில் பேசுங்கள். பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கு வழி இருந்தால் அவருடைய மனைக்கும் மதிப்புக் கூடும். நான் சொல்லிப் பார்த்தவர்களில் பலர் இதற்கு இறங்கி வந்திருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பின் அது ஊர்ச் சாலை. கேட் போட்டு வாட்ச்மேன் மறித்தால் ஊராட்சி கேட்கலாம். ஆகவே உள்ளே முட்டுச்சந்தாக முடியும் சாலையின் நுனியில் பத்தடி திறப்பு விட்டாலே போதும், மீதி வழி தானாகக் கிடைத்துவிடும்.

மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும். வழக்கமாக விற்காத மூலையில் தள்ளிவிடுவார்கள். அதை ஓடை ஓரமாக நீளவாக்கில் வைக்கச் சொல்லுங்கள். பாதை அதன் வழியே போகட்டும். புங்கை மரம் நட்டால் நாலைந்து வருடத்தில் நிழல். மதுரை மே மாத வெயிலில் நிழல் இல்லாத பாதையில் ஒருவரும் நடக்க மாட்டார்கள்.

அகலம்? நடைபாதைக்கு, சாலை அமைப்புக்கு அளவுகோல் வகுக்கும் இந்திய சாலைப் பேராயம் சொல்வது தடையில்லாத 1.8 மீட்டர். சைக்கிளும் ஆளும் சேர்ந்து போகப் பத்தடி கேளுங்கள். பைக்கும் நுழையத்தான் செய்யும். அதைத் தடுக்கக் குறுக்கே கம்பி போட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் பிள்ளையும் சக்கர நாற்காலிக்காரரும்தான் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு கல்லை ஊன்றி நடுவில் நான்கடி விட்டால் கார் நுழையாது, அது போதும்.

கண்மாய்க் கரையில் பாதை கேட்பதாக இருந்தால், 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத் துறையின் கையில், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் கையில். பேவர் கல் கேட்காதீர்கள். கரையை அவ்வப்போது மண் போட்டு உயர்த்த வேண்டியிருக்கும், கிராவலே நல்லது.

அடுத்த கிராம சபைக்குள் மனைப்பிரிவு விண்ணப்பம் போய்விடும் என்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம். கையெழுத்து வாங்கி மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், தீர்மானத்தைப் பின்னால் இணைத்துக்கொள்ளலாம்.