கடைசி 200 மீற்றரில் வெல்பவருக்குத் தொழில்முறைச் சைக்கிளோட்டத்தில் இடமுண்டா?

கேள்வி: என் அக்காவின் மகனுக்கு இப்போது பதினேழு வயது. ஊரில் சித்திரைப் புத்தாண்டையொட்டி நடக்கும் 30, 40 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டப் போட்டிகளில் கடைசிவரை கூட்டத்தோடு வந்து, முடிவுக் கோட்டுக்குக் கிட்ட எல்லோரையும் வெட்டி முந்திவிடுகிறான். ஆள் ஐந்தடி ஐந்தங்குலம்தான். அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. படிப்பை விட்டுவிட்டு இதிலேயே இறங்கப் போகிறேன் என்கிறான். கனடாவில் இருக்கும் சித்தப்பா விலையுயர்ந்த ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். ஐரோப்பிய அணி ஒன்றில் சேர இவனுக்கு வாய்ப்பிருக்கிறதா? இப்போது என்ன பயிற்சி கொடுப்பது? (தருமபுரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வாய்ப்பு மிகக் குறுகியது, ஆனால் அறவே இல்லையென்று சொல்ல முடியாது. படிப்பை விடத் தேவையில்லை, விலையுயர்ந்த சைக்கிளும் இந்த வருடம் தேவையில்லை. உங்கள் மருமகனிடம் இருப்பதாகத் தெரிவது வேகம். அது பெரும்பாலும் பிறப்போடு வருகிறது, பரீட்சை எழுதி முடிக்கும் ஒரு வருடத்தில் போய்விடாது. அவரிடம் இன்னும் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதது, நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடிய பிறகும் அந்த வேகத்தை எடுக்கும் திறன்.

டூர் டி பிரான்ஸ் போன்ற பல நாள் போட்டிகளில் சமதரைக் கட்டமொன்று, அதாவது ஒரு நாள் ஓட்டம், பெரும்பாலும் 150 முதல் 200 கிலோமீற்றர் வரை நீளும். மிலான்–சான்ரெமோ ஒருநாள் போட்டி ஏறத்தாழ 300 கிலோமீற்றர். இறுதிப் பாய்ச்சலில் முன்னணி வீரர்கள் பத்துப் பதினைந்து விநாடிகளுக்குச் சராசரியாக 1,000 வாட்டுக்கும் மேற்பட்ட வலுவை வெளிப்படுத்துகிறார்கள். அந்த வலு பெருமளவுக்குத் தசைக்குள் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும் பொஸ்போகிரியற்றின் என்ற பொருளிலிருந்து, ஒட்சிசனுக்குக் காத்திராமல் வருவது. களைக்காத கால்களோடு ஓடினால் நம்மூரில் பல இளைஞர்களால் ஓரளவு பெரிய வலுவைக் காட்ட முடியும். நான்கு மணித்தியாலம் ஓடிய கால்களில் அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதில்தான் தொழில்முறை வீரர் வேறுபடுகிறார். 40 கிலோமீற்றர் போட்டி ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலான நேரத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் இந்த வேறுபாடு வெளியே தெரிய வராது.

இரண்டாவது, இடம் பிடித்தல். காற்றுத் தடையை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மும்மடியோடு கூடுகிறது. மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 60க்குப் போக ஏறத்தாழ 70 சதவீதம் கூடுதல் வலு வேண்டும். முன்னால் செல்பவரின் பின்சில்லுக்கு நெருங்கி ஓடுபவருக்கு அந்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும். ஆகவே கடைசி 250 மீற்றர்வரை காற்றைத் தன் முகத்தில் வாங்காமல் வருபவரே வெல்கிறார். இதற்காகவே பெரிய அணிகள் ஒருவர் பின் ஒருவராக வரிசை அமைத்து, ஒவ்வொருவரும் தன் பலம் தீரும்வரை இழுத்துவிட்டு விலக, கடைசி ஆளின் பின்னாலிருந்து பாய்ச்சல் வீரர் வெளியே வருகிறார். 2009 டூரில், பாரிஸ் நகரின் சாம்ப்ஸ் எலிசே வீதியில், பாய்ச்சல் வீரர் மார்க் கவென்டிஷ் முதலாவதாகவும், அவரை இழுத்து வந்த மார்க் ரென்ஷோ இரண்டாவதாகவும் கோட்டைக் கடந்தார்கள். இழுத்து வந்தவரையே மற்ற எவராலும் பிடிக்க முடியவில்லை. 2023 டூரில் ஜாஸ்பர் பிலிப்சன் நான்கு கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்குரிய பச்சை மேலங்கியைப் பெற்றபோது அவருக்கு முன்னால் வழிவிட்டு இழுத்தவர்களில் ஒருவர் மத்தியூ வான் டெர் புல். அதே வருடத்தில் அவர் உலகச் சம்பியனானார்.

உங்கள் மருமகன் ஊர்ப் போட்டியில் யாருடைய பின்சில்லில் ஒட்டி வருகிறார், எந்தப் பக்கத்தால் வெளியேறுகிறார் என்பதை அடுத்த முறை நின்று பாருங்கள். உங்கள் வீதியையே எடுத்துக்கொள்ளலாம். பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு நோக்கிப் போகும்போது, சோளகக் காற்று வலப்புறத்திலிருந்து சற்றுப் பின்வாட்டமாக அடிக்கும். அப்போது நேர் பின்னால் ஓடுபவருக்கு முழு மறைப்புக் கிடைக்காது. முன்னால் போகிறவரின் இடப்பக்கப் பின்புறத்தில், தன் முன்சில்லு அவருடைய பின்சில்லுக்குக் கொஞ்சம் இடப்புறமாக இருக்கும்படி ஓடுபவருக்கே மறைப்பு. கூட்டத்தின் வலது ஓரத்தில் ஓடுகிறவர் தன்னை அறியாமல் மற்றவர்களுக்குத் தட்டியாக நின்று கால்களைத் தீர்த்துவிடுகிறார். இதை ஒருவர் உடல்பலத்தால் ஈடுசெய்ய முடியாது, கண்ணால் பழக வேண்டும்.

எப்போது பாய்வது என்பதும் பழக்கத்தால் வருவதே. மணிக்கு 60 கிலோமீற்றரில் 200 மீற்றர் என்பது 12 விநாடி. முழுப் பலத்தை அதற்கு மேல் தக்கவைப்பவர்கள் மிகக் குறைவு. எதிர்க்காற்றில் இன்னும் பிந்தியும், காற்று முதுகில் இருந்தால் கொஞ்சம் முந்தியும் தொடங்கலாம். கோட்டுக்கு வந்ததும் இடுப்பைப் பின்னே தள்ளி, கைகளை நீட்டி, சைக்கிளைக் கோட்டுக்கு மேலாக எறிவதுபோல் முன்னே செலுத்த வேண்டும். 2004 மிலான்–சான்ரெமோவில் எரிக் சாபெல் வென்றுவிட்டதாக எண்ணிக் கைகளை உயர்த்திய கணத்தில் ஒஸ்கார் பிரைரே தன் சில்லை முன்னே தள்ளி வென்றார். 2017 டூரின் ஏழாவது கட்டத்தில் மார்சல் கிற்றலுக்கும் எட்வால்ட் போஸன் ஹாகனுக்கும் இடையே இருந்த தூரம் 6 மில்லிமீற்றர். கோட்டைத் தாண்டிய பிறகுதான் கையைத் தூக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிக் கொடுங்கள்.

உயரத்தைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். அவுஸ்திரேலியரான கேலப் யூவன் உங்கள் மருமகனின் உயரம்தான், ஏறத்தாழ 165 சென்ரிமீற்றர்; டூரில் ஐந்து கட்டங்கள் வென்றவர். 2025இல் பச்சை மேலங்கி பெற்ற இத்தாலியர் ஜொனதன் மிலான் 190 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தவர். பெரியவருக்கு வலு கூட. சிறியவர் காற்றில் குறைந்த இடத்தை அடைக்கிறார். யூவன் தலையை முன்சில்லுக்கு மேலே கொண்டுவந்து தாழ்ந்து ஓடும் விதத்தைக் காணொளியில் பார்த்துவிட்டு உடனே பின்பற்ற வேண்டாம். முதலில் வளைந்த ஹாண்டிலின் கீழ்ப்பிடியில் இரு கையும் வைத்து, எழுந்து நின்று, நேர்கோட்டில் பாயப் பழகட்டும்.

நேர்கோடு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாய்ச்சலைத் தொடங்கிய பிறகு தன் பாதையிலிருந்து விலகி மற்றவருக்கு ஆபத்தை உண்டாக்குவது சர்வதேசச் சைக்கிளோட்ட ஒன்றியத்தின் விதிகளில் தடைசெய்யப்பட்டது. 2020இல் போலந்தின் கற்றோவிட்சே நகரில் டிலன் குரூனவேகன் அப்படி விலகியதில் பாபியோ யாக்கப்சன் தடுப்பு வேலிக்குள் வீசப்பட்டு உயிருக்குப் போராடினார். குரூனவேகன் ஒன்பது மாதங்கள் தடை செய்யப்பட்டார். யாக்கப்சன் மீண்டு வந்து 2022 டூரில் ஒரு கட்டத்தை வென்றது பெரிய செய்திதான். அந்தப் பாய்ச்சலை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. நம்மூர்ப் போட்டிகளில் தடுப்பு வேலிகூட இல்லை. கோட்டருகே பார்வையாளர்கள் வீதிக்குள் இறங்கி நிற்பார்கள். போட்டி நடத்தும் கழகத்திடம் கடைசி 300 மீற்றருக்குக் கயிறாவது கட்டச் சொல்லிக் கேளுங்கள். தலைக்கவசம் இல்லாமல் ஒரு நாளும் அனுப்பாதீர்கள்.

இனி மலை. பாய்ச்சல் வீரருக்கு மலையில் வேலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பல நாள் போட்டிகளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர வரம்பு உண்டு; வெற்றியாளரிலிருந்து குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் பிந்துபவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2018 டூரின் பதினோராவது கட்டத்தில் கவென்டிஷும் கிற்றலும் ஒரே நாளில் அப்படி வெளியேறினார்கள். வன்னியில் ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. அதற்கு ஈடாக நமக்குக் காற்று இருக்கிறது. மே முதல் செப்ரெம்பர்வரை எதிர்க்காற்றில் இருபது நிமிடம் ஒரே சீரான பலத்தோடு, இருக்கையை விட்டு எழாமல் ஓடுவது நீண்ட ஏற்றத்தில் ஏறுவதற்கு மிக அண்மையான பயிற்சி. வாரம் ஒரு முறை இப்படி இரண்டு தடவை ஓடட்டும்.

மற்றப் பயிற்சியையும் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டம், ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு வெளிக்கிட்டு வெயில் ஏறுமுன் திரும்பக்கூடியதாக: முதலில் 60 கிலோமீற்றர், நான்கைந்து மாதங்களில் 100, 120 என்று மெதுவாகக் கூட்டலாம். பேச்சு வரக்கூடிய வேகத்தில் ஓட வேண்டும். இளைஞர்களுக்கு மிகக் கடினமான கட்டுப்பாடு அதுதான். அந்த ஓட்டத்தின் முடிவில், களைத்த கால்களோடு, 10 முதல் 12 விநாடிவரை நான்கு முழுப் பாய்ச்சல்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடம் மெதுவான மிதி. புதன்கிழமை புதிய கால்களோடு ஆறு பாய்ச்சல்கள், அதே ஓய்வுடன். ஓய்வைக் குறைத்தால் பயிற்சி கடினமாகுமே தவிர வேகம் கூடாது, அடுத்த பாய்ச்சலுக்கு வேண்டிய பொஸ்போகிரியற்றின் தசையில் திரும்பச் சேர அவ்வளவு நேரம் எடுக்கும். இன்னொரு நாள் இலகுவான கியரில் நிமிடத்துக்கு 110, 120 சுற்று மிதிக்கப் பழக வேண்டும். கனிஷ்ட வீரர்களுக்கு நெடுங்காலமாக ஒரு சுற்று மிதித்தால் 7.93 மீற்றருக்கு மேல் போகாத கியர் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தது. சர்வதேச ஒன்றியம் அந்த வரம்பை 2023இல் நீக்கியது. அந்தக் கியரில் 60 கிலோமீற்றர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 126 சுற்று வேண்டும். வளரும் முழங்காலுக்கு அந்தப் பழைய வரம்பு நல்லது என்பது என் கருத்து. பெரிய பற்சில்லைப் போட்டு அழுத்தி மிதிப்பதை இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள்.

பாய்ச்சல் பயிற்சியை ஏ9இலோ பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலோ செய்ய வேண்டாம். பஸ்களும் டிப்பர்களும் ஓடும் வீதியில் தலை குனிந்து பாய்வது உயிரோடு விளையாடுவது. வாகனம் குறைந்த உள்வீதியில் காப்பெற் போட்ட ஒரு கிலோமீற்றரைத் தெரிந்து, தொடங்குமுன் அதை ஒருமுறை மெதுவாக ஓடிப் பார்க்கட்டும். அறுவடைக் காலத்தில் நெல் காயப் போட்டிருக்கும், விடியலில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும், மழைக்குப் பின் கிறவல் அரித்து வந்து பரவியிருக்கும். மெல்லிய ரயருக்கு இவற்றில் எதுவும் போதும். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீர் போதாது, ஒரு போத்தலில் ஜீவனியோ, உப்பும் சீனியும் தேசிப்புளியும் கலந்த தண்ணீரோ இருக்கட்டும். பையில் இரண்டு வாழைப்பழம்.

சைக்கிளைப் பொறுத்தவரை, அளவு பொருந்திய ஒரு அலுமினியச் சட்டகம் போதும். யப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களில் தேடினால் கிடைக்கும். சட்டகத்தில் வெடிப்பு, செயினில் தேய்மானம், சில்லில் கோணல் இருக்கிறதா என்று தெரிந்த ஒருவரைக் கொண்டு பாருங்கள். இருக்கையில் இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுவே தொடக்க உயரம். சித்தப்பாவின் மீதிப் பணத்தை வங்கியில் போட்டுவையுங்கள். மருமகன் தொடர்ந்து முன்னேறினால், வெளிநாட்டுப் போட்டிக்கான விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் அது தேவைப்படும்.

வாய்ப்பைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆண்களுக்கான உலகின் முதல்தர அணிகள் 18. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30 பேர். அவர்களில் வெற்றிக்காக ஓட விடப்படும் பாய்ச்சல் வீரர் ஒருவர் அல்லது இருவர். டூருக்கு எட்டுப் பேரை மட்டுமே கொண்டுபோகலாம் என்பதால், மலை வீரருக்காக ஓடும் அணிகள் சில பாய்ச்சல் வீரரை அழைத்துப் போவதே இல்லை. வயது மட்டும் இந்தப் பிரிவினருக்குச் சற்று இரக்கம் காட்டுகிறது. கவென்டிஷ் தன் முதல் டூர் வெற்றியை 2008இல் 23 வயதில் பெற்றார், முப்பத்தைந்தாவதும் சாதனையானதுமான வெற்றியை 2024இல் 39 வயதில் பெற்றார். ஆந்திரே கிரைபலும் டிம் மெர்லியரும் டூரில் முதல்முறை வென்றபோது இருவருக்கும் 28. பதினேழு வயதில் படிப்பை விட்டு ஓட வேண்டிய அவசரம் இதில் இல்லை.

நம்மைப் போன்ற நாடுகளுக்கு மிகப் பொருத்தமான முன்னுதாரணம் எரித்திரியாவின் பினியம் கிர்மே. அவர் 2022இல் கென்ட்–வெவல்கெம் போட்டியை வென்றார்; 2024 டூரில் மூன்று கட்டங்களையும் பச்சை மேலங்கியையும் வென்றார்; டூரில் ஒரு கட்டம் வென்ற முதல் கறுப்பின ஆபிரிக்கர் அவர். ஆனால் எரித்திரியாவில் சைக்கிளோட்டம் தலைமுறைகளாக ஊன்றிய விளையாட்டு. அதன் மேல், அவர் சுவிற்சர்லாந்தின் ஏகிளில் உள்ள உலகச் சைக்கிளோட்ட மையத்தில் பயிற்சி பெற்று, 2020இல் பிரெஞ்சு அணியொன்றின் வழியாகத் தொழில்முறைக்கு வந்தவர். அந்த மையத்துக்குத் தேசிய சம்மேளனத்தின் ஊடாகத்தான் போக முடியும். அப்படிப் போக முதலில் தேசிய மட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே முதல் படி உங்கள் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரைச் சந்திப்பது. தேசிய விளையாட்டு விழாவில் சைக்கிளோட்டம் இருக்கிறது. பிரதேசம், மாவட்டம், மாகாணம் என்று ஏறிப் போகலாம். அங்கே அவர் மோதப் போவது முப்படை அணிகளில் வேலையாகவே ஓடிப் பழகிய பெரியவர்களோடு. முதல் வருடம் கூட்டத்திலிருந்து கழன்று பின்தங்கக்கூடும், அது அவருக்குப் பயனுள்ள தோல்வி. பத்தொன்பது முதல் இருபத்திரண்டு வயதுவரை இருபத்துமூன்றுக்குட்பட்டோர் பிரிவில் ஓட முடியும் என்பதால், உயர்தரம் முடித்த பின்னும் அவருக்கு முழுதாக நான்கு பருவங்கள் இருக்கின்றன. அதற்குள் தேசிய மட்டத்தில் முதல் சிலருக்குள் வந்தால், மலேசியாவின் லங்காவிச் சுற்றுப் போட்டி போன்ற ஆசியப் போட்டிகளில் ஓடும் சிறிய அணிகளை நாடலாம்.

இப்போதே ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஞாயிறு ஓட்டத்தின் தூரம், எடுத்த நேரம், காற்று எந்தப் பக்கம், முடிவில் செய்த நான்கு பாய்ச்சல்களிலும் அதே 200 மீற்றருக்கு எடுத்த விநாடிகள் ஆகியவற்றை அவரே எழுதட்டும். புதன்கிழமை புதிய கால்களோடு எடுத்த நேரங்களைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பரீட்சை முடிந்தபின் அந்த இரண்டு நிரல்களையும் எனக்கு அனுப்புங்கள். இடைவெளி மாதாமாதம் ஒடுங்கி வந்திருந்தால் சித்தப்பாவின் பணத்தை எதில் செலவிடுவது என்று அப்போது பேசலாம்.