செவ்வாய் விரதமும் சர்க்கரை மாத்திரையும்

கேள்வி: 52 வயதான என் அம்மா செவ்வாய்தோறும் தண்ணீர் மட்டும் குடித்து விரதமிருந்து, இரவில் வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டு முடிப்பார். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் எடுக்கிறார். மாலையில் தலைவலி, கைநடுக்கம். விரதம் நல்லதுதானா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தலைவலியை விடுங்கள், கைநடுக்கம்தான் கவலை தருகிறது. கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். மெட்பார்மின் தனியாக அப்படிச் செய்வது அரிது. விரத நாளில் எதை நிறுத்துவது, குறைப்பது என்று மருத்துவரிடம் கேட்காமல் அடுத்த செவ்வாய் விரதம் வேண்டாம்.

நடுக்கம், வியர்வை வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; 108ஐ அழையுங்கள். விரதத்தை முறிக்கிறோமே என்று தயங்கவே வேண்டாம்.

தலைவலிக்குக் காலைக் காபி நின்றதும், செட்டிநாட்டு வெயிலில் நீர் குறைவதும் காரணமாகலாம். சிறுநீரக, இதயக் கோளாறு இல்லாவிட்டால் இரண்டரை லிட்டர் தண்ணீரைப் பிரித்துக் குடிக்கட்டும்.

ஈரலில் சேமித்த சர்க்கரை குறையக் குறைய, உடல் கொழுப்பை எரிக்கிறது, எடை குறையலாம். ஆனால் பச்சரிசியும் உளுந்தும் எண்ணெயில் பொரிந்த பணியாரம் அந்தப் பலனைக் கரைத்துவிடும். இரண்டு இட்லி, சாம்பார், ஒரு பொரியல் போதும்.