கோபுரம் சாய்ந்தது யார் குற்றம்?

கேள்வி: ஐயா, மகன் அனுப்பிய காலண்டரில் பிரெஞ்சு ஓவியர் பால் சின்யாக் வரைந்த, பிரான்சின் லா ரோஷெல் துறைமுக வாட்டர்கலர் ஒன்று இருக்கிறது. இரண்டு கல் கோபுரங்கள், நடுவே செம்பழுப்புப் பாய்களோடு படகுகள். பென்சில் கோடு அப்படியே தெரிகிறது, வண்ணம் கோட்டைத் தாண்டி நிற்கிறது, இடப்பக்கக் கோபுரம் சற்றுச் சாய்ந்தும் இருக்கிறது. பாதியில் விட்ட படமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: கோபுரத்தின் பழியை ஓவியர்மேல் போடாதீர்கள். அது நிஜமாகவே சாய்ந்ததுதான். சேன் நிக்கோலா என்று பெயர். 14-ஆம் நூற்றாண்டில் சேற்றில் ஓக் மரக்கழிகளை அறைந்து அதன்மேல் கட்டினார்கள். கட்டும்போதே ஒரு பக்கம் இறங்கிவிட்டது. எதிரே இருப்பது சங்கிலிக் கோபுரம். அந்நாளில் துறைமுக வாயை அடைக்க இரண்டுக்கும் நடுவே சங்கிலி கட்டுவார்கள். சேன் நிக்கோலா இடப்பக்கம் தெரிகிறது என்றால், சின்யாக் ஊருக்குள் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்து வரைந்திருக்கிறார். கடலிலிருந்து வருபவருக்கு இடம் வலம் மாறிவிடும்.

பென்சிலுக்கு வருவோம். என் மாணவர்கள் கோட்டை ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளையே புண்ணாக்குவார்கள். இந்த மனிதர் அந்தப் பக்கமே போவதில்லை. முதலில் பாய்மரம், கயிறு, அலை எல்லாவற்றையும் கிறுகிறுவென்று கோடாகப் போட்டுவிடுவார். துறைமுகத்தில் எதுவும் நமக்காக நிற்காதே! படகு புறப்பட்டுவிடும், கடல் வற்றினால் கரையோரம் சேறு தெரியும். அதனால் கோடு அவசரம், வண்ணம் நிதானம். படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள்: ஒரு நீலத் தீற்றலுக்கும் அடுத்த தீற்றலுக்கும் இடையே தாள் வெள்ளையாகவே கிடக்கும். தண்ணீர் பளபளப்பது அந்தப் பூசாத இடத்தால்தான். படம் முடிந்ததுதான், சந்தேகமே வேண்டாம்.

கயிறுகள் சரியாக இருப்பதும் தற்செயல் இல்லை. வாழ்நாளில் முப்பதுக்கு மேல் படகு வைத்திருந்தவர் அவர். 1929-இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, பிரான்சின் நூறு துறைமுகங்களை வரையப் புறப்பட்டார். செலவை ஏற்றவர் காஸ்தோன் லெவி என்ற வணிகர். ஒவ்வொரு துறைக்கும் இரண்டு படம், அதில் ஒன்று லெவிக்கு. நல்ல பேரம்தான்!

கேள்வி: பாய்கள் உண்மையில் அந்த நிறமா?
- அதே வாசகி

பதில்: ஆமாம். அந்தக் காலத்தில் சூரை மீன் பிடிக்கும் படகுகளின் பருத்திப் பாய் உப்புநீரில் இற்றுப்போகாமலிருக்கச் சாயத்தில் ஊறவைப்பார்கள். எந்தச் சாயம் தெரியுமா? வெற்றிலைக்குப் போடுகிறோமே, அந்தக் காசுக்கட்டி! இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சரக்கு. அந்தச் செம்பழுப்பைச் சின்யாக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருக்கலாம், அது அவர் குணம்.

கேள்வி: மகன் பிரான்சில்தான் இருக்கிறான். போனால் இதே காட்சி கிடைக்குமா?
- மறுபடியும் அவரே

பதில்: கோபுரங்கள் கிடைக்கும். சூரைப் படகுகள் கிடைக்காது. மீன்பிடித் துறை 1990-களில் ஊருக்கு மேற்கே போய்விட்டது. இப்போது பழைய துறையில் உல்லாசப் படகுகளும் கரையோர உணவகங்களும்தான். மகனை துய்ப்பெரே கரையில் நின்று போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், கோணம் ஏறக்குறையப் பொருந்தும். கடல் ஏற்றமாக இருக்கும் நேரம் பார்த்துப் போகச் சொல்லுங்கள். வற்றும்போது போனால் தண்ணீர் கீழே இறங்கிக் கரைச்சுவர்தான் பெரிதாகத் தெரியும்.