கொடைக்கானலில் மொட்டை மாடியில் தேனீ வளர்க்க முடியுமா?

கொடைக்கானல் ஊருக்குள், தோட்டமில்லாத வீட்டின் மொட்டை மாடியில் தேனீ வளர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். சுற்றுவட்டாரத்தில் யூகலிப்டஸ், பேரி, பிளம்ஸ், சோலை மரங்கள் பூத்தாலே போதும். இரையைத் தேனீக்கள் தாமே தேடிக்கொள்ளும். பெட்டிக்கு ஏற்றது, அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ. பாறை விளிம்பில் ஒற்றை அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீ பெட்டிக்குள் தங்காது.

சமவெளி மாடிகளில் நிழல் முதன்மையானது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலோ குளிரும் ஈரமுமே பகை. ஆகவே காலை வெயில் வாசலில் படும்படி கிழக்கு நோக்கி, காற்று நேராக அடிக்காத சுவரோரமாகப் பெட்டியை வைத்து, உள்ளே நீர் தேங்காதபடி முன்பக்கம் சற்றே தாழ்த்தி, மேலே தகரம் கவிழ்த்து, அது பறக்காமல் இறுகக் கட்டுங்கள். தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தேனீக்கள் நாள்கணக்கில் வெளியே வர இயலாமல் சேமிப்பைத் தின்றே உயிர்வாழும் என்பதால், அதற்கு முன் தேனை வழித்தெடுப்பது கூட்டத்தைப் பட்டினி போடுவதாகும் என்றே நான் கருதுகிறேன். சேமிப்புக் குறைந்தால் சர்க்கரைப் பாகு கொடுங்கள்.

1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் எண்ணற்ற கூட்டங்களை அழித்தது. எனவே, நோயுற்றதோ என ஐயம் தரும் கூட்டத்தின் பழைய அடைகளை விலை மலிவு என்று வாங்கிச் சேர்க்காதீர்கள்.